சஹனை விட்டு எழும்பாதவர்கள்

பன்னிரண்டு வருஷமாக ஜிப்ரியின் முதுகைத்தான் கெமரா கண்டது. ஏறாவூரிலிருந்து பனிச்சங்கேணி வரை எங்கே படப்பிடிப்பு நடந்தாலும் கூட்டத்தில் ஓர் ஆளாக அவன் நிற்பான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன், வாவிக்கரையில் வலை இழுக்கிறவர்களில் கடைசி ஆள், மையித்துக்குப் பின்னால் நடக்கிறவன். ஒருமுறை செத்துக் கிடந்த மையித்தே அவன்தான், அதுவும் முகத்தை மூடி. படம் வந்ததும் மனைவி பரீனாவைக் கூப்பிட்டு ஃபோனில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவான்.

"உங்கட முதுக எங்க கண்டாலும் நான் சொல்லிருவன். முகம் எப்பிடி இருக்கும் எண்டு சனத்துக்குத்தான் தெரியா," என்பாள் அவள்.

கடைசியில் சீ என்று போய்விட்டது. இனிச் செத்தாலும் கெமராவுக்கு முன்னால் நிற்பதில்லை என்று முடிவெடுத்து, தன்னாமுனை நிதுர்ஷன் எடுத்த படத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தான். பெயர்தான் பெரிய பெயர். கூட்டம் பிடிப்பது, பிடித்த கூட்டத்தை வெயிலில் நிறுத்துவது, கெமராவைப் பார்க்காதீங்க என்று தொண்டை கிழியக் கத்துவது, அவ்வளவுதான் வேலை. ஆனாலும் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையை அவன் வீட்டிலும் கழற்றுவதில்லை.

கடைசி நாள் கலியாண வீட்டுச் சீன். விருந்தின் நடுவில் மாப்பிள்ளையின் வாப்பா எழும்பி, கலியாணம் நடக்காது என்று சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கோபத்தில் வெளியேற வேண்டும். தேத்தண்ணியும் பலகாரமும் போதும் என்றுதான் நிதுர்ஷன் சொன்னான். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"எங்கட கலியாணத்தில சஹன் இல்லாட்டி எவன் நம்புவான் தம்பி? புரியாணி போடுவம். சனம் என்ட பொறுப்பு."

"சரி நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் நிதுர்ஷன். "இது சரியா வந்தா அடுத்த படத்தில நீங்கதான் முதலாவது உதவி இயக்குநர். பிழையாப் போனா திரும்பக் கூட்டத்துக்குத்தான்."

ஏறாவூரிலிருந்து கூட்டி வந்த சனம் ஆறு ஆறு பேராக, ஒன்றாகக் கைவைத்துத் தின்னும் பெரிய தட்டுகளான சஹன்களைச் சுற்றி உட்கார்ந்தது. வாப்பா எழும்பிக் கலியாணம் நடக்காது என்றார். சனம் நிமிர்ந்து பார்த்தது, கவலைப்பட்டது, பிறகு குனிந்து தின்னத் தொடங்கியது.

"கட்," என்றான் நிதுர்ஷன்.

ஜிப்ரி ஓடிப்போய், கூட்டத்தில் வயதில் மூத்த கச்சி முகம்மதுவின் காதில் குனிந்தான். "எழும்பணும் எண்டு எத்தின தரம் சொன்ன மாமா?"

"சோத்தில கைய வெச்சிட்டு எப்பிடி மகன் எழும்புற? கோவம் பொண்ணு வீட்டாரோட. சோறு என்ன பிழை செஞ்ச?"

"இது நடிப்பு மாமா."

"நடிப்புத்தான். புரியாணி மெய்தானே."

இரண்டாம் தரமும் அதே கதை. வெறும் தட்டை வைத்தால் என்ன என்று கேட்டான். கெமராவில் தெரியும் என்றார்கள். அண்டாவில் இன்னொரு தரத்துக்குத்தான் புரியாணி கிடந்தது. நிதுர்ஷன் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இருந்து காட்டுறன். நான் எழும்ப எனக்குப் பின்னால எழும்புங்க. விளங்கினா?" என்று சொல்லிவிட்டு, கழுத்து அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக் கச்சி முகம்மதுவின் சஹனில் போய்க் குந்தினான்.

வாசல் பக்கம் வைத்திருந்த கெமரா ஓடியது. வாப்பா எழும்பினார். ஜிப்ரி எழும்புவதற்குள் கச்சி முகம்மது நல்ல இறைச்சித் துண்டொன்றை அவன் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"விடியத்திலிருந்து ஓடுறாய் மகன். முதல்ல ரெண்டு வாய் தின்னு."

அதோடு அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "தின்னவா நான் வந்த? மனிசன்ட வேல போகப் போகுது, உங்களுக்கு இறைச்சி. பன்னிரண்டு வருஷம் நாயா அலைஞ்சிட்டன். போங்க, நீங்களும் உங்கட சோறும்!" என்று கத்தினான். கழுவாத கையோடு எழும்பி விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான்.

ஒரு மனிசன் பசியோடு சஹனை விட்டு எழும்பிப் போனால் இந்தச் சனம் பார்த்துக்கொண்டு இருக்குமா? "மகன், பசியோட போகாத," என்று கச்சி முகம்மது எழும்பினார். அவரோடு எல்லோரும் எழும்பினார்கள். சோறு அப்படியே கிடக்க, தள்ளுமுள்ளுப்பட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"கட். ஓகே," என்றான் நிதுர்ஷன். முகமெல்லாம் பல்.

திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். திரை நிறைய ஜிப்ரியின் முகம். கண் சிவந்திருந்தது, உதடு துடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார்கள்.

"தம்பி, என்ட முகத்த வெட்டிருங்க. நான் கூட்டத்து ஆள் இல்ல."

"வெட்டுறதா? படமே இதுலதான் நிக்குது நானா. கிட்டத்தில வெச்சு இன்னொருக்கா எடுக்கணும். அட்டையக் கழட்டிக் குடுங்க, சட்டைக்குள்ளால தெரியுது."

"முதலாவது உதவி இயக்குநர் எண்டு சொன்னீங்களே?"

"அதுக்கு ஆள் தேடிப் பிடிக்கலாம். இந்த முகத்துக்கு எங்க போற? அடுத்த படத்திலயும் நீங்க இப்பிடியே வரணும்."

அட்டை வேறொருவன் கழுத்துக்குப் போனது. கிளாப் பலகையும் போனது. ஜிப்ரி திரும்பவும் சஹனில் குந்தினான். கச்சி முகம்மது அதே இறைச்சித் துண்டைத் திரும்பவும் அவன் பக்கம் தள்ளினார்.

"இப்பவாவது திண்டுட்டுக் கோவப்படு மகன்."

புதிதாக அட்டை மாட்டியவன், கெமராவைப் பார்க்காதீங்க என்று அவனைப் பார்த்துக் கத்தினான். கோபத்தை வரவழைக்க ஜிப்ரிக்குக் கஷ்டமே இருக்கவில்லை.