பேத்தை கிருஷ்ணப்பனுக்கு ஒரு துவாரம்

எண்ணூர்க் குப்பத்தில் பிறந்த அன்புக்கரசி, இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் பீங்கான் கழிப்பறைக் கோப்பைகளுக்கு மெருகு பூசினார். ஊரார் முகம் திருப்பி அமரும் பொருளைச் செய்தவருக்கு, ஓய்வுபெற்றபின் அவர்கள் முகம் கொடுத்துப் பார்க்கும் பொருளைச் செய்ய ஆசை வந்தது. மீன்களைச் செய்தார்.

முதல் பெரிய சிற்பம், கொள்ளுத்தாத்தா கிருஷ்ணப்பன். அவருக்குப் புகைப்படம் கிடையாது. எஞ்சியது ‘பேத்தை’ என்னும் பட்டப்பெயர் மட்டுமே. சீண்டினால் பந்தாக உப்பும் மீன் அது. கோபம் வந்தால் அவரும் அப்படித்தான் கன்னம் உப்பி நிற்பாராம். ஆகவே, முள்ளுடம்பும் மீசையுமாக, உள்ளே வெற்றிடமுள்ள களிமண் பேத்தை ஒன்று உருவாயிற்று. உட்காற்று வெளியேற, வாலுக்கு அடியில் ஒரு துவாரம். அது அடைபட்டால் சூளையில் சிற்பம் வெடிக்கும். ராயபுரத்துக் கண்காட்சிக்காக வேறு பன்னிருவரின் சிற்பங்களும் அதே சூளையில் வேகவிருந்தன. அவையும் நொறுங்கினால், அன்புக்கரசிக்கு அங்கே மறுபடி இடமில்லை.

சிற்பத்தை ஆட்டோவில் மடியில் ஏந்தி வந்தவர், எண்பது வயதுப் பெரியப்பா எத்திராஜ். சூளையில் ஏற்றுமுன் அன்புக்கரசி துவாரத்தில் ஊசியை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

“பெரிப்பா, ஓட்டைய யாரு அடச்சது?”

“நான்தான். எங்க தாத்தாவுக்கு அந்த எடத்துல ஓட்டைய வெச்சி, நாலு பேரு குனிஞ்சி பாக்கணுமா? மானம் போவுதுமே!”

“அடச்சா வெடிச்சிருவாரு.”

“வெடிக்கட்டும். கோவக்கார மனுசன்.”

“பக்கத்துல பன்னெண்டு பேரு பொம்மயும் கீது. எல்லாரும் உன் வூட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.”

“அப்ப மூக்குல குத்து.”

“காஞ்ச மண்ணு பெரிப்பா. புதுசா குத்துனா மூஞ்சே பொளந்துரும்.”

சூளைக்காரர் வில்சன் பொறுமை இழந்தார். “இன்னா பெருசு, ஏத்தவா, வேணாவா?”

“நீ அப்டிக்கா திரும்பு. நீயும் திரும்புமே.”

இருவரும் திரும்பினர். “தாத்தா, கோச்சிக்காத” என்ற முணுமுணுப்பும், ஊசி மண்ணைக் குடையும் ஒலியும் கேட்டன.

மூன்றாம் நாள், ஒரு கீறலுமின்றி, உப்பிய கன்னத்தோடு கிருஷ்ணப்பன் சூளையிலிருந்து வெளியே வந்தார்.

பார்வையாளர் சுற்றிவந்து பார்ப்பதற்காக அவரைக் கூடத்தின் நடுவே வைத்தார்கள். ஆயினும் கண்காட்சி முடியும்வரை எவரும் முழுச்சுற்று வரவில்லை. வாலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு எத்திராஜ் அமர்ந்திருந்தார்.

“முன்பக்கம் பாருங்க சார். மீச அங்கதான் கீது.”