கரட்டு உச்சியிலிருந்து தெரியாத கோட்டை

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து எரியோடு பேருந்து கிளம்பியது. டிக்கெட் பதினெட்டு ரூபாய். பக்கத்தில் நாகல் நகர் அமலி டீச்சர். எரியோட்டுக்கு அருகே ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறார். அவர் மடியில் என் கட்டுரையின் ஜெராக்ஸ். படை வருவதைத் திண்டுக்கல் கோட்டைக்குத் தெரிவிக்க எரியோட்டுப் பக்கமுள்ள கரட்டின், அந்தச் சிறு பாறைக் குன்றின், உச்சியில் தீ மூட்டினார்கள் என்று இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தேன்.

“அப்பருந்து இதத்தான் சார் புள்ளைகளுக்கு நடத்துறேன். எழுதுனவரு கூடவே அந்தக் கரட்டுல ஏறுவேன்னு நெனைக்கல” என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கரட்டில் நான் ஏறியதே இல்லை. காதில் விழுந்ததை வைத்து, நேரில் பார்த்தவன் போல எழுதியது அது.

எட்டரைக்கு ஏறத் தொடங்கி, ஒன்பதேகாலுக்கு உச்சியை அடைந்தோம். இடுப்பளவு உயரத்தில் கல் வட்டம் ஒன்று இருந்தது. உள்ளே பாறை கரியேறிக் கிடந்தது. அதுமட்டுமாவது உண்மை.

“கோட்டை எந்தப் பக்கம் சார்?”

தென்மேற்கே திரும்பினேன். இதைவிட உயரமான இன்னொரு கரடு குறுக்கே நின்றது. அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. டீச்சர் கல் வட்டத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் பார்த்தார்.

“டீச்சர், நான் இங்க வர்றது இதான் முதல் தடவ” என்றேன்.

அவர் ஜெராக்ஸை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “ஏழாப்புல வைரமணின்னு ஒரு புள்ள. இங்கனதான் ஆடு மேய்க்கும். காலாண்டுப் பரீட்சையில ‘கரட்டுல இருந்து பாத்தா கோட்டை தெரியாது’ன்னு எழுதிருச்சு. மார்க்கு போடல. எதுத்துப் பேசுதேன்னு வெளிய நிக்க வச்சேன்” என்றார்.

இறங்கி நேரே வைரமணி வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா மோர் கொடுத்தார். டீச்சர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, “நீ எழுதுனதுதான்டா சரி. டீச்சர் மேலதான் தப்பு” என்றார்.

“தப்பு அவங்க மேல இல்லம்மா. பாக்காம எழுதுனது நான்” என்றேன்.

வைரமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பரவால்ல சார். அரையாண்டுல தெரியும்னே எழுதிட்டேன். முழு மார்க்கு” என்றாள்.