மூக்கன் மலை

கச்சான் காற்றுக்கு ஒரு வாசனை உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் தேரிக்காட்டுச் செம்மண்ணையும் காய்ந்த பனையோலையின் மணத்தையும் மேற்கேயிருந்து வாரிக்கொண்டு வந்து, எங்கள் புன்னைக்காயல் தெருவில் காயப்போட்டிருக்கும் கருவாட்டின் மேலும் பிள்ளைகள் தின்னும் சோற்றின் மேலும் நறநறவென்று தூவிவிட்டு, கடலுக்குள் இறங்கிப் போகிற காற்று அது. பெண்கள் எல்லாரும் அதை வைதுகொண்டே கதவைச் சாத்துவார்கள். என் அப்பா மட்டும் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "மலையில மழை. ஈர வாசம் அடிக்கு பாரு" என்பார். எனக்கு மண் வாசனையைத் தவிர வேறு எதுவும் வராது. ஆனாலும் அப்பா சொல்லிவிட்டாரே என்று நானும் மூக்கை உயர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிப் படித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தது கடற்கரையிலிருந்து பார்த்த மலைதான். மழை விட்ட மறுநாள் விடியலில், ஆற்று முகத்துவாரத்துக்குப் பின்னால், பனைகளுக்கும் பின்னால், யாரோ நீல மையைத் தொட்டு விரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு கோடு தெரியும். வெயில் ஏற ஏறக் கரைந்து போய்விடும். கரையில் நிற்கிற எங்களுக்கு அவ்வளவுதான் காட்சி. கடலுக்குள் போகிற ஆண்களுக்கோ, ஊரும் பனையும் தண்ணீருக்குள் அமிழ்ந்த பிறகும் மலை மட்டும் கூடவே நிற்குமாம். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கப் போனவர்கள் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டான "பார்" எங்கே இருக்கிறது என்று கண்டதும், தூர தேசத்துக் கப்பல்காரர்கள் நம் கரை வந்துவிட்டது என்று அறிந்ததும் அந்த மலையை வைத்துத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊருக்குள் வரும் ஆறும் மலையிலிருந்து வந்தது, வள்ளம் கட்டிய அயினி மரமும் மலையிலிருந்து வந்தது. அதனால் மலை எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. வீட்டுக்கு வராது, ஆனால் பேச்சில் வராத நாள் இல்லை.

அப்பா சந்தியாகுதான் எங்கள் வள்ளத்தில் சுக்கான் பிடிப்பவர். மலைக்கு அவர் தம் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தார். மல்லாந்து படுத்தவனின் மூக்கு மாதிரித் துருத்திக்கொண்டிருந்த உச்சி "மூக்கன்". அதற்குத் தெற்கே ஒட்டி நின்ற இரண்டு "அண்ணன் தம்பி". நாலாம் வகுப்பில் டீச்சர், பொதிகை மலையில்தான் தாமிரபரணி பிறக்கிறது, தமிழும் அங்கேதான் பிறந்தது என்று பாடம் நடத்தினார். நான் ஓடிவந்து அப்பாவிடம் கேட்டேன். "பொதிகையா? அது எங்கனளா இருக்கு? நம்ம கடலுக்குத் தெரியாதே" என்றார்.

அப்பாவுக்கு ஒரு பார் உண்டு. வள்ளத்தில் போகும்போது தூரத்து மூக்கன் நகர்ந்து நகர்ந்து, ஊர்க் கோயில் கோபுரத்துச் சிலுவைக்கு நேர் மேலே வந்து நிற்கவேண்டும். வடக்கே இன்னொரு அடையாளமும் கூடவேண்டும். இரண்டும் கூடிய இடத்தில் வலையைப் போட்டால் மீன். கொஞ்சம் தப்பினாலும் வெறும் தண்ணீர்தான். இந்த அடையாளத்தை எங்கள் கடற்கரையில் யாரும் வெளியே விடமாட்டார்கள். பக்கத்தில் வேறு வள்ளம் வந்தால் பாரை விட்டு விலகிப்போய்ச் சும்மா நிற்பார்கள். கட்டின மனைவியிடமும் சொல்லக் கூடாது. அதில் அம்மாவுக்குப் பெரிய மனத்தாங்கல். "பேசாம அந்த மூக்கனையே கட்டியிருக்கலாம்லா" என்பாள். ஆனாலும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும், "மாதாவே, நாளைக்கு மலை தெரியணும்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள்.

ஒரு தை மாதத்தில் எங்கள் வள்ளம் வெறுமனே வர ஆரம்பித்தது. மற்றவர்கள் கூடை கூடையாக இறக்கினார்கள். எங்கள் வலையில் பாசியும் சிப்பி ஓடும். என்னவென்று கேட்டவர்களிடம் எல்லாம் அப்பா, "மலை மூடிக்கிட்டுக் கெடக்கு. என்ன செய்யச் சொல்லுதிய?" என்றார். பாரை மறைக்கச் சாக்குச் சொல்கிறார் என்று வள்ளத்து ஆட்கள்கூடச் சிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் காலை, கரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். வள்ளத்திலிருந்து இறங்கிய அப்பா அதையேதான் சொன்னார். அவருக்குப் பின்னால், துவைத்துப் போட்ட சேலை மாதிரி, மலை நீளநெடுக விரிந்து கிடந்தது. மூக்கனின் மூக்குத் துவாரம்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. "அப்பா, மலைதான்..." என்று நான் வாயெடுக்கவும், அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்படி ஒரு கிள்ளு நான் அதுவரை வாங்கியதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

அதற்கப்புறம்தான் எனக்கும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கஞ்சியில் கிடந்த மிளகாயை ஒதுக்காமல் அப்பா கடித்துவிட்டதும், கோயிலில் யாராவது கையசைத்தால் பதிலுக்கு அசைக்காததும். கண்ணில் புரை விழுந்திருந்தது. சொன்னால் சுக்கான் கையை விட்டுப் போய்விடும். பார்வை போனவர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள். மற்றவர்கள் கடலுக்குப் போவதை முதுகால் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அப்பா அங்கே போய் உட்கார்ந்தால் அந்த வருஷமே செத்துப்போவார் என்று அம்மா நம்பினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஆடியில் கச்சான் பலமாக அடித்து வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. அப்பாவின் தம்பி தொம்மை, எங்கள் வள்ளத்தில் முன்னால் நிற்பவர், கேலிக்காரர். "அண்ணனுக்கு மூக்கனைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டிருவோம். பெறகாவது பாருக்கு வழி சொல்லட்டும்" என்று சொல்லி, பாபநாசத்துக்குப் பயணம் கிளப்பிவிட்டார். தூத்துக்குடியிலிருந்து ஒரு உப்பு லாரி காலியாக வந்தது. பலகையெல்லாம் உப்பு. ஏறிய அத்தனை பேருக்கும் உடம்பு அரித்தது. அப்பா மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒருதடவைகூடச் சொறியாமல் வந்தார். வாழ்நாள் முழுக்கப் பார்த்த மலையின் காலடிக்கு அவர் போனதே இல்லை.

போய் இறங்கினால் மலையே இல்லை. ஒரே மேகம், சாரல், எங்கிருந்தோ விழுகிற தண்ணீரின் இரைச்சல். பச்சை வாசனை ஒன்று மூக்குக்குள் ஏறியது; அப்பா வாசலில் நின்று இழுத்தது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஆறு அங்கே பாறைக்குப் பாறை குதித்துக்கொண்டு, ஊரில் காட்டும் அமைதிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆடியது. "நம்ம வீட்டுக்கு வரும்போது மட்டும் அடக்கமா வாராளே" என்று அம்மா சிரித்தாள். எங்கள் புளிச்சோற்றைக் குரங்கு ஒன்று பொட்டலத்தோடு தூக்கிப் போயிற்று.

அப்பா நேரே டீக்கடைக்குப் போய்க் கேட்டார்: "அண்ணாச்சி, மூக்கன் எங்கன நிக்கான்?"

"எந்த மூக்கன்? வண்டி துடைக்கிறவனா? அவன் மத்தியானத்துக்கு மேலதான் வருவான்" என்றார் கடைக்காரர்.

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அருவிக்கு ஓடினார்கள். கடைமுன் அப்பா, அம்மா, நான், டீ குடித்துக்கொண்டிருந்த தொம்மை சித்தப்பா மட்டும் நின்றோம். அப்போதுதான் மேகம் கிழிந்தது. விரலால் இழுத்த கோடு என்று நான் நினைத்திருந்தது, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, மரம் மரமாக, வெள்ளிக் கம்பி மாதிரி ஓடைகளோடு, எங்கள் தலைக்கு மேல் எழுந்து நின்றது. சித்தப்பா, "அண்ணே!" என்று கத்தினார். அப்பா இரைச்சல் வந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டு, "இன்னும் மூடிக்கிட்டுத்தான் கெடக்கு" என்றார்.

சித்தப்பாவின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஆமாண்ணே" என்றார் சித்தப்பா. "மூடித்தான் கெடக்கு."

திரும்பி வரும்போது லாரியில் அவர் ஒரு கேலிகூடப் பேசவில்லை. ஊர் வந்ததும் எல்லாரிடமும் சொல்லிவிடுவார், சுக்கான் போய்விடும் என்று அம்மா வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டு வந்தாள்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கச்சான் தணிந்து முதல்நாள் கடலில் நடந்ததை, என் கல்யாணத்தின்போது என்னிடம் சொன்னார். வள்ளம் பாரை நெருங்கியதும் அவர் முன்னால் நின்றுகொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மலையையே பார்த்து, "மூக்கன் கோயிலுக்குத் தெக்க நிக்கான்... வடக்க நடந்து வாரான்... ஏ, சிலுவைக்கிட்ட வந்துட்டாம்லா" என்று பாட்டு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தாராம்.

"ஏலே, எனக்கென்ன கண்ணு பொட்டையாலே?" என்று அப்பா சீறியிருக்கிறார்.

"ஒன்ன யாரு என்ன சொன்னா? நான் என் பாட்டுக்கு மலைகூடப் பேசிக்கிட்டு வாரேன்."

வள்ளம் இன்னும் கொஞ்சதூரம் போனதாம். பிறகு பின்னாலிருந்து அப்பா சொன்னாராம்: "பேசு. கொஞ்சம் சத்தமாவே பேசு."

சத்தமாகப் பேசினால் பக்கத்து வள்ளங்களுக்குக் கேட்கும். அப்பா அதை யோசிக்காமல் சொல்லியிருக்கமாட்டார். கொஞ்சநாளில் எங்கள் பாரில் மற்ற வள்ளங்களும் நின்றன. காத்து வைத்திருந்த அடையாளம் ஊர்ச்சொத்தாகிவிட்டது. சித்தப்பாவுக்கு "மலைப்பைத்தியம்" என்று பட்டப்பெயர் விழுந்தது. அதைச் சிரித்துக்கொண்டே சுமந்தார். அப்பாவின் கை தளர்ந்து தாமாக இறங்கும்வரை சுக்கான் அவரிடமே இருந்தது. அம்மா பிறகு மூக்கனை வையவே இல்லை.

இப்போது எல்லாரும் போய்விட்டார்கள். வள்ளங்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. மலை மூடினாலும் திறந்தாலும் பையன்களுக்கு ஒன்றுதான். அது நல்லதுதான், யாரும் வெறும் வலையோடு வரவேண்டாம். மேற்கே புகையும் தூசியுமாக, மலை தெரிகிற காலைகள் குறைந்துவிட்டன. தெரிந்தாலும், மூக்கன் என்று சொன்னால் யார் என்று கேட்பார்கள்.

போன வருஷம் எனக்கும் புரை விழுந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இவ்வளவுதானா என்று அன்றைக்குத்தான் அப்பாவுக்காக அழுதேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள் விடியலில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். நான் கூச்சக்காரி, நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் நாக்கு எழாது. அக்கம்பக்கத்து மாடிகளில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு கோயில் சிலுவைக்கும் அப்பால் மேற்கே பார்த்து, "அப்பா, மலை தெரியுது. மூக்கன் நிக்கான்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.