பெயரோடு விழுந்த ஓட்டு

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆட்டோவை நிறுத்தினால் சாவியை எடுத்தேனா என்று மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கள் ஆட்டோ ஸ்டாண்ட். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். இப்போதைய தலைவரும் அப்படி வந்தவர்தான். வந்த மாதமே ஒரு பிக்பாக்கெட்காரனைக் கம்பத்தில் கட்டி, பழைய ட்யூபால் அடித்தார். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அடுத்து, வரிசையில் நுழைந்த வெளி ஆட்டோவின் கண்ணாடியை உடைத்து, அந்தச் சில்லிலேயே டிரைவரின் முகத்தைத் தேய்த்தார்கள். எங்களுக்குச் சவாரி கூடியது. பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் தலைவர் மட்டும்தான் எழுதலாம் என்று ஆனது. வீண் சண்டை ஓய்ந்ததே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தேர்தல் நெருங்கியபோது, தேர்தலே தேவையில்லை, இவரே இருக்கட்டும் என்று அவருடைய ஆட்கள் ஆரம்பித்தார்கள். டின்னைக் கொண்டுவந்தால் அடிதடி ஆகுமே என்று நான் தலைவரிடம் போனேன்.

"அண்ணா, குரூப்லயே போலிங் வெச்சிடுங்க. அவங்கவங்க வீட்ல இருந்து அமுக்கட்டும்," என்றேன்.

தலைவர் என் தோளைத் தட்டினார். "நல்ல ஐடியா குரு."

'இவரே தொடரட்டும்', 'தேர்தல் வேண்டும்' என்று குரூப்பில் இரண்டு தேர்வுகள் வந்தன. நானும், தினமும் என்னோடு ஒரு காபியை பை-டூ வாங்கி ஆளுக்குப் பாதியாகக் குடிக்கிற ஜீவனஹள்ளி நண்பனும் தேர்தல் கேட்டு அமுக்கினோம். மொத்தம் ஐந்து பேர். யார் எதை அமுக்கினார்கள் என்று அதிலேயே பெயரோடு தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை வரிசையில் முதலில் நின்றது அந்த நண்பன். தலைவரின் ஆட்கள் நாலு பேர் வந்து வெளியே இழுத்தார்கள்.

"உனக்கு எலெக்‌ஷன் கேக்குதாடா?"

"நீங்கதானேப்பா கேட்டீங்க. ரெண்டு இருந்துச்சு, ஒண்ணை அமுக்குனேன்," என்று சிரித்தான்.

"எந்தக் கையால?"

வலது கையை ஆட்டோ படியில் வைத்து வீல் ஸ்பானரால் அடித்தார்கள். முதல் அடியில் அலறினான். மூன்றாவதில் சத்தம் வரவில்லை. டிராபிக் போலீஸ்காரர் எதிர்ப்பக்கம் திரும்பி விசில் ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டோவில் நான். போனை எடுத்து என் ஓட்டை மாற்றினேன். முதல் தடவை தவறிப்போனது. மறுபடி அமுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவன் இடது கையால் போனை என் பக்கம் நீட்டினான். 'தேர்தல் வேண்டும்' என்பதற்குக் கீழே அவன் பெயர் மட்டும் இருந்தது.

"காலைல அஞ்சு பேர் இருந்தோம். எனக்குக் கட்டுப் போடறதுக்குள்ள நாலு பேரும் ஓடிட்டீங்க."

"பேரு காட்டும்னு சத்தியமா தெரியாதுடா."

"மாத்த மட்டும் தெரிஞ்சுது."

கீழே போய் ஒரு காபி வாங்கி வந்து இரண்டாகப் பிரித்தேன். "உன்னுதையும் மாத்திடறேன் மச்சி. வரிசையில விட்டுடுவாங்க."

அவன் போனைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். காபியைத் தொடவில்லை.

மறுநாள் அவன் இடம் காலியாக இருந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நான் ஓர் ஆட்டோ தூரம் முன்னால் நகர்ந்தேன்.