அம்மா எட்டிய கட்டம்

பழைய டிவி கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளை நேற்று நிறுவினேன். டாங்கி விளையாட்டின் தொடக்க இசை கேட்டதும் பள்ளிமுனை வீட்டின் நண்டு வாசம் வந்துவிட்டது.

நண்டுச் சதை எடுக்கும் வேலை முடிந்து வரும் அம்மா, கழுவியும் வாசம் போகாத கைகளோடு என் பக்கத்தில் அமர்ந்து விளையாடுவார். "அந்தோனியாரே, இவன் ஒளிக்கிறான் பார்!" என்று டாங்கியைத் துரத்துவார். ஒருநாள் நான் கண்டேயிராத கட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் எனக்குப் பரீட்சை. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்ற திமிர் வேறு.

"படிக்காத ஆக்களுக்கு இதுதான் வேலை" என்று சொல்லி விளையாட்டை நிறுத்தினேன். அந்த டிவி கேம் பெட்டியில் எதையும் சேமிக்க முடியாது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

"ஓம் பிள்ளை, நீ படி" என்று எழுந்தார். பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

நேற்று மடிக்கணினியை அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"வாங்கோ அம்மா. இப்ப எந்த இடத்திலையும் சேமிச்சு வைக்கலாம்."

அந்தப் பழைய கேம் பெட்டியின் கைப்பிடியில் நான்கு அம்புகளும் இரண்டு சிவப்புப் பொத்தான்களும்தான் இருந்தன. அம்மா விசைப்பலகை வரை நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"இது முழுக்க எழுத்தெல்லோ பிள்ளை. நீ விளையாடு, நான் பாக்கிறன்."