பிளாஸ்திரி ஒட்டிய மயில்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். மூன்றாம் வகுப்பிலேயே அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது. சாயங்காலம் அம்மா வெங்காயம் உரிக்கும்போது எதிரில் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாக வாசிப்பேன். தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து வரும் அப்பா, செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்தியதெல்லாம் மனப்பாடம். படத்தைப் பார்த்தால் போதும், பாடம் தானாக வாயில் வந்துவிடும்.

அந்த வருஷம், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா எங்கள் பள்ளிக்கு வர ஆரம்பித்தார். சம்பளம் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார். அந்த இடத்துக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘மக்கு வார்டு’. ஒரு செவ்வாய்க்கிழமை என்னையும் அங்கே அனுப்பிவிட்டார்கள்.

நர்சம்மா முதல் வேலையாகப் பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்தார். காயத்துக்குப் போடுவார்களே, அதேதான். நறுக்கென்று கத்தரித்து, என் புத்தகத்திலிருந்த மயில் படத்தின் மேல் ஒட்டினார்.

“மயிலுக்கு ஒடம்பு சரியில்ல. நீ எழுத்தப் பாத்துப் படி.”

அசராமல் ஒப்பித்தேன். அவர் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இது இன்னா?” என்றார். நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவன் சிரித்தான்.

“நான் ஏன் சொல்லணும்? எங்க வூட்ல நான்தான் படிக்கிறேன். ஒங்க பிளாஸ்திரி எனக்கு வேணாம்!” என்று பிடித்து இழுத்தேன். மயிலும் அதற்குக் கீழிருந்த இரண்டு வரிகளும் பிளாஸ்திரியோடு உரிந்து வந்துவிட்டன.

நர்சம்மாதான் கிழித்தார் என்று வீட்டில் சொன்னேன். கிழித்தது நான்தான் என்று இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

“ஏன் நர்சம்மா, எங்க வம்சத்துலயே படிக்கிறவன் இவன் ஒருத்தன். இவனப் போயி மக்குன்னு ஒக்கார வச்சி, புக்கையும் கிழிச்சிருக்கீங்க. இதுக்கா சம்பளம் இல்லாம வர்றீங்க? வூட்லயே இருக்கலாம்ல?”

நர்சம்மா என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். அவரோ, “நான் ஒட்டுன பிளாஸ்திரியாலதான் கிழிஞ்சிது. தப்புதாம்மா” என்றார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. “டேய், நீ படிச்சிக் காட்டுறா.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தேன். எங்கும் தடுமாறவில்லை. எழுத்தே இல்லாமல் பஞ்சு பஞ்சாகக் கிழிந்திருந்த இடத்தின் மேலும் என் விரல் ஓடியது. உரிந்துபோன அந்த இரண்டு வரிகளையும் ஒரு சொல் விடாமல் படித்து முடித்தேன்.

அம்மா குனிந்து, என் விரலுக்குக் கீழே இருந்த கிழிசலைப் பார்த்தாள். பிறகு அம்மா, முன்னைவிடக் குரலை உயர்த்தி, “பாத்தீங்களா? எப்டிப் படிக்கிறான்!” என்றாள். அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

“நல்லாத்தான் படிக்கிறான். மத்த புள்ளைங்களுக்குப் படிச்சிக் காட்ட எனக்கு ஒரு ஆள் வேணும். அனுப்புறியாம்மா?”

“வருவான். ஒரு நாள்கூட மட்டம் போட மாட்டான்.”

நாங்கள்தான் ஜெயித்தோம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, வாரம் இரண்டு நாள் மக்கு வார்டுக்குப் போனேன்.

அதற்கப்புறம் அம்மாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. நான் மும்முரமாக வாசிக்கும்போது குறுக்கே கையை நீட்டி, வெங்காய வாசனையடிக்கும் விரலைப் புத்தகத்தில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் வைத்து, “இது இன்னாடா?” என்பாள். நான் சொல்வது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறேன் என்பதை மட்டும் கவனிப்பாள். சொல்லும்வரை விரலை எடுக்க மாட்டாள்.

பாவம், அம்மாவுக்கும் படிக்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நானும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.