அட்டை மட்டும் சென்ற நாள்கள்

மாதவிடாய் நின்று ஆறாண்டு கழிந்தபின், ஒரு காலையில் உள்ளாடையில் செந்துளி ஒன்றைக் கண்டேன். துவைத்து உலர்த்தினேன், எவரிடமும் உரைக்கவில்லை. இதே நிலையில் வாய்மூடியிருக்கும் மகளிர்க்காக, ஆசிரியையாக இருந்த நான் இதனை எழுதுகிறேன்.

கணவரிடம் அசதி என்று மட்டும் சொன்னேன். தில்லியில் எங்களைப் போன்ற ஓய்வூதியக் குடும்பங்களில் மனைவியின் நோய்க்கும் கணவரே அரசு மருந்தகம் செல்வார். என் மருத்துவ அட்டையோடு வரிசையில் நின்று, நீரிழிவு மாத்திரையும் அசதிக்கென இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கி வருவார்.

"வெயில்ல நீ எதுக்கு? நான் போனா ஜல்தி ஆயிடும். கவுண்டர் பையா என் மொகத்தைப் பாத்தே மாத்திரையை எடுத்து வெச்சுடுவான்" என்பார். அன்பினால்தான் சொன்னார்.

துளிகள் பெருகின. அசதி என்னும் சொல் மட்டும் திங்கள்தோறும் மருந்தகம் சென்று மீண்டது.

ஒருநாள் அவர் வெறுங்கையோடு திரும்பினார். அங்குள்ள செவிலி ஸ்டெல்லா, நாகர்கோவில் பெண், "மாசாமாசம் அசதியா? ஆளைக் கூட்டிட்டு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டாராம்.

சென்றேன். "டீச்சர், இவ்வளவு நாளா உங்க கார்டுக்குத்தான் வைத்தியம் பாத்தோம். ஆளை இப்பதான் பாக்கேன்" என்றார் ஸ்டெல்லா. நானும் சிரித்தேன். அப்போதுதான் அவருக்குப் பின்னே சுவரில் ஒட்டியிருந்த இந்திப் படத்தாளைக் கண்டேன். மகளிர் நலவாழ்வு பற்றியது. நடைப்பயிற்சி, கீரை, எடைக் குறைப்பு. கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: மாதவிடாய் நின்றபின் ஒரு துளி குருதி கண்டாலும் உடனே வருக.

"இது எப்ப ஒட்டினது?"

"ஹோலிக்கு முன்னாடியே, மாசக்கணக்காச்சு. பொம்பளைங்களுக்குன்னு ஒட்டினோம். வரிசை பூராவும் ஆம்பளைங்கதான் நிக்காங்க."

கணவரை நோக்கினேன். "பாத்தேன்" என்றார் தாழ்ந்த குரலில். "லேடீஸ் சமாச்சாரம். நின்னு படிச்சா நாலு பேர் என்ன நெனைப்பாங்க? ஃபேனைப் பாத்துட்டு நின்னேன்."

துளிகளைப் பற்றி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவர் அனுப்பிய பெரிய மருத்துவமனையில் உயிர்த்திசு ஆய்வு (உறுப்பின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தல்) செய்தனர். கருப்பை உட்படலப் புற்று (கருப்பையின் உள்வரிச் சவ்வில் தோன்றுவது) என்றனர். அது தசைச்சுவரில் ஆழ ஊன்றியிருந்தது. முன்னரே வந்திருந்தால் அறுவையோடு முடிந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். என் கணவர் அவரிடம் இருமுறை கேட்டார்: "எவ்வளவு முன்னாடி, டாக்டர் சாப்?" மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்தார்.

கருப்பையை அகற்றினர். பின்னர்க் கதிர்வீச்சு மருத்துவம் (புற்றணுக்களைக் கதிரால் அழித்தல்). கதிருக்கு ஒளியில்லை, சூடில்லை. கனத்த கதவை மூடிவிட்டு எல்லாரும் வெளியேறுவர். உள்ளே நடப்பது எதிலும் எனக்குப் பங்கில்லை. அசையாதிருப்பதே என் வேலை. இல்லம் திரும்பினால் என் கணவர் கஞ்சி காய்ச்சி, "உப்பு சரியா இருக்கா? சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

உடல் சற்றுத் தேறியதும், படத்தாளின் செய்தியைத் தமிழ்க் குடும்பங்களுக்கெனத் துண்டறிக்கையாக எழுதித் தரக் கேட்டார் ஸ்டெல்லா. உதிரம் என்றெழுதினேன், அவர் சிரித்ததும் ரத்தம் என்று திருத்தினேன். அச்சாகி வந்த தாள்கள் மருந்தகத்தில் மாத்திரை வழங்கும் சாளரத்தருகே அடுக்கப்பட்டன. நானே போய் அருகில் அமர்ந்தேன். வரிசையில் ஆடவர்களே நின்றனர். சிலர் எடுத்து விசிறிக்கொண்டனர். சிலர் அதில் மாத்திரை மடித்தனர்.

வேட்டி கட்டிய ஒருவர் பெண்பெயர் எழுதிய அட்டையோடு வந்தார்.

"அவங்க வரலையா?" என்றேன்.

"அவளா? ரெண்டு மாடி எறங்கணும்லம்மா. ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசதி."

எழுந்து துண்டறிக்கையை அவர் கையில் வைத்தேன். "இதை அவங்க கையில குடுங்க. நீங்க படிக்க வேண்டாம், குடுத்தா போதும்."

"அச்சா, அச்சா" என்று எழுத்து உட்புறம் இருக்கும்படி மடித்துச் சட்டைப்பையில் இட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.

எனக்கு அடுத்த ஆய்வு தீபாவளிக்குப் பின். அதுவரை இவ்வுடல் என்னிடம் ஒன்றும் சொல்லாது. கருப்பை இருந்த இடத்தில் சில வேளைகளில் ஒரு கனம் தோன்றும், கைவைத்தால் ஒன்றுமிராது. அப்போதெல்லாம் அறியாத ஒருத்தியின் மாடிப்படிகளையே நினைக்கிறேன். அத்தாள் அவள்வரை ஏறிற்றா என்று தெரியவில்லை.